இல்லத்தில் ஒலித்த கீர்த்தனை: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மரபு

ஏற்றக்காரன் அந்திப்பொழுதில் பாட்டை ஓரடியோடு நிறுத்திவிட்டு வீடு திரும்பினான் என்றும், அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று அறியாமல் கம்பர் மறுநாள் விடியும்வரை காத்திருந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ அன்றோ, அதனுள் ஓர் ஒப்புதல் இருக்கிறது. ஏடெழுதும் புலவனுக்கு எட்டாத ஒன்று, நீர் இறைப்பவனின் நாவில் இருந்தது என்பதே அது. பல்லடம் வட்டாரத்தார் ஏற்றத்தைவிடக் கவலையையே நன்கு அறிந்தவர்கள். ஆழக் கிணறுகளும் மானாவாரி நிலங்களும் மிகுந்த இப்பகுதியில், எருதுகள் சரிவில் இறங்கச் சால் மேலேறும் காட்சி, மின்மோட்டார் வரும்வரை அன்றாடக் காட்சியாக இருந்தது. ஏற்றமாயினும் கவலையாயினும் உழைப்பின் அலுப்பைப் போக்கியது பாட்டுத்தான். சால்களின் எண்ணிக்கையை நினைவில் வைத்ததும் பாட்டுத்தான். இறைவணக்கத்தில் தொடங்கிக் கணக்கில் வளர்ந்து கதையில் முடிவது அதன் வழக்கம்.

இந்த ஏற்றப்பாட்டின் மெட்டை எடுத்துக் கிறித்தவ சமயக் கருத்துகளை அதிலேற்றி, ‘ஞான ஏற்றப்பாட்டு’ என்று பெயரிட்டுப் பாடினார் ஒருவர். அவரே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். கோயிலுக்குள் ஏற்றம் இல்லை. ஆகவே அந்நூல் கோயிலுக்காக எழுதப்பட்டதன்று, வயலுக்கும் வாசலுக்குமாக எழுதப்பட்டது. தமிழகத்தில் கிறித்தவம் குடும்பத்துக்குள் எவ்வாறு வேர்கொண்டது என்று ஆராய்வோர் பெரும்பாலும் ஆலயங்களையும் பள்ளிகளையும் அச்சகங்களையும் பற்றியே பேசுவர். அவை தேவையானவையே. எனினும் பிள்ளையின் காதில் சமயம் முதன்முதலில் விழுந்த இடம் வீடு. விழுந்த வடிவம் பாட்டு. அவ்வகையில் சாஸ்திரியாரின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. அதில் பெருமைப்படத்தக்கதும் இருக்கிறது, தலைகுனியத்தக்கதும் இருக்கிறது.

ஈண்டு ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. தமிழிலக்கிய வரலாற்றில் கிறித்தவ வேதநாயகர் இருவர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர், முன்சீப்பாகப் பணியாற்றியவர், ‘சர்வசமய சமரசக் கீர்த்தனை’யும் ‘பெண்மதி மாலை’யும் தந்தவர். இக்கட்டுரை பேசும் சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர். சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். தேர்வுத்தாள்களில் இருவரும் ஒருவராகிவிடுவது உண்டு. ‘சாஸ்திரியார்’ என்ற பட்டத்தைக் கண்டு அவரை அந்தணர் என்று கருதுவோரும் உளர். அவர் பிறப்பால் வேளாளர். அவ்வுண்மை பின்னால் வரும் செய்திகளுக்கு இன்றியமையாதது.

1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார் வேதநாயகம். தந்தை தேவசகாயம் பிள்ளை. அருணாசலம் பிள்ளையாக இருந்து கிறித்தவரானவர். தாய் ஞானப்பூ அம்மாள். அக்காலத்தில் தஞ்சையில் செல்வாக்கோடு விளங்கிய செர்மானியக் குருவானவர் சுவார்ட்ஸ், பாளையங்கோட்டைச் சபையைக் காண வந்தபோது இச்சிறுவனின் அறிவைக் கண்டார். பன்னிரண்டாம் வயதில் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னர்த் தரங்கம்பாடியில் இறையியலோடு வானநூலும் கணிதமும் உடற்கூறும் கற்றுத் திரும்பிய வேதநாயகம், பத்தொன்பதாம் வயதில் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அதே சுவார்ட்ஸின் அரவணைப்பில் கல்வி கற்ற மற்றொருவர், அவரினும் மூன்று வயது இளையவரான சரபோசி. 1798-இல் சுவார்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டில் சரபோசி அரியணை ஏறினார். ஒரே ஆசானின் மாணவர் இருவரில் ஒருவர் சரசுவதி மகாலை வளர்த்தார். மற்றவர் கீர்த்தனையை வளர்த்தார்.

சாஸ்திரியார் பாடத் தொடங்குமுன் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் எதைப் பாடின? 1706-இல் தரங்கம்பாடியில் கால்வைத்த சீகன்பால்குவும் அவர் வழிவந்தோரும் செர்மன் மொழியின் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றின் சொந்த இராகங்களிலேயே பாடுவித்தனர். திருமறையைச் செம்மையாக மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் இப்பணியிலும் பெயர்பெற்றவர். அவர்தம் பக்தியையோ உழைப்பையோ குறைத்துக் கூறுவதற்கில்லை. ஆனால் கவிஞர்கள் எளிதில் உணரும் ஓர் இடர்ப்பாடு அதில் இருந்தது. செர்மன் பாட்டு அசையழுத்தத்தில் நடப்பது; தமிழ்ப்பாட்டு குறில் நெடிலில் நடப்பது. அங்கே அடியின் ஈற்றில் இயைபு இருந்தால் போதும். இங்கே எதுகையும் மோனையும் அடியின் தலையில் நின்று அழைக்க வேண்டும். அயல்மெட்டுக்குள் தமிழை நுழைக்கும்போது குறில் நீளும், நெடில் குறுகும். வல்லொற்று விழ வேண்டிய இடத்தில் இசை இழுத்துச் செல்லும். பொருள் விளங்கினாலும் நாவில் தங்காது. பயிற்சி பெற்ற குழு கோயிலில் அதைப் பாடலாம். மாவாட்டும் பெண் தனித்திருந்து பாடுவது அரிது. பாமாலை என்றும் கீர்த்தனை என்றும் இன்றுவரை தமிழ்ச் சபைகள் தம் பாட்டுகளை இருவகைப்படுத்தி வழங்குவது இந்த வேறுபாட்டின் தடமே ஆகும்.

சாஸ்திரியார் செய்தது, தமிழர் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தவற்றைக் கையிலெடுத்ததுதான். உலா, அந்தாதி, மாலை என்னும் சிற்றிலக்கிய வகைகளையும், கும்மி, ஏற்றம், நொண்டி என்னும் மக்கள் வடிவங்களையும், தஞ்சை மராட்டியர் அவையில் செழித்த கதாகாலட்சேப முறையையும் அவர் ஒருங்கே பயன்படுத்தினார். 1800-இல் தோன்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ அவரது பெயரை நிலைநாட்டியது. குற்றாலத்துக்குத் திரிகூட ராசப்பக் கவிராயர் செய்ததைப் பெத்லகேமுக்கு இவர் செய்தார். தலைவி தேவமோகினி, சீயோனின் மகள். குறி சொல்ல வருபவள் விசுவாசம் என்னும் குறத்தி. சிங்கனும் நூவனும் விரிக்கும் வலை, ஆன்மாக்களைச் சேர்க்கும் பணிக்கு உருவகம். மலைவளமும் நாட்டுவளமும் கூறவேண்டிய இடங்களில் உலகப்படத்து நாடுகள் வருகின்றன. கதிரவனை நடுவில் வைத்துக் கோள்கள் சுழலும் கொப்பர்னிக்கசின் வானியலும் வருகிறது. குறத்தி வாயால் வானநூல் கேட்ட முதல் தமிழவை அதுவாகவே இருக்கும். தரங்கம்பாடியில் கற்றதை அவர் வீணாக்கவில்லை.

நோவாவின் பேழையைப் பாடும் ‘ஞானத்தச்ச நாடகம்’, மூடவழக்கங்களைச் சாடும் ‘சாஸ்திரக் கும்மி’, மன்றாட்டுப் பாடல்களின் தொகையான ‘ஜெபமாலை’ ஆகியவை தொடர்ந்தன. இவற்றை அவர் ஏட்டில் எழுதி வைத்ததோடு நில்லாது, குழுவோடு ஊர்ஊராகச் சென்று பாடி விரித்துரைத்தார். மகள் ஞானதீபம் இசைவல்லவர்; தந்தையோடு அமர்ந்து பாடியவர். பெண்ணொருத்தி அவையில் அமர்ந்து பாடுவதை நற்குடிப் பெண்ணுக்கு அடாததென்று பலர் கருதிய காலம் அது. ஆயினும் அந்த இல்லம் அதற்கு இடந்தந்தது. மகன் நோவா ஞானாதிக்கம் தந்தையின் பணியைத் தொடர்ந்ததோடு அவர் வரலாற்றையும் எழுதினார். அதன்பின் பேரர், கொள்ளுப்பேரர் என்று கதாகாலட்சேபம் அக்குடியின் வழிவழித் தொழிலாகவே ஆயிற்று. ஓதுவார் மரபிலும் அரையர் மரபிலும் தந்தை மகனுக்கு வாய்மொழியாகத் தந்ததைப் போன்றதே இதுவும். சமயம் புதிது, அதைக் கைம்மாற்றிய முறை பழந்தமிழ் நாட்டினது.

சரபோசி மன்னர் தம் இளமைத் தோழரை ஒருமுறை பெருவுடையார்மீது குறவஞ்சி பாடுமாறு கேட்டார் என்றும், அதனை ஏற்கவும் இயலாமல் நட்பை முறிக்கவும் இயலாமல் வீடு திரும்பிய சாஸ்திரியார் தம் நெஞ்சுக்குத் தாமே கூறிக்கொள்வதாக ஒரு கீர்த்தனை பாடினார் என்றும், அதை அறிந்த மன்னர் பின்னர் வற்புறுத்தவில்லை என்றும் கிறித்தவக் குடும்பங்களில் செவிவழிச் செய்தி உண்டு. ஆவணமாக இதைக் கொள்வதற்கில்லை. ஆனால் அக்கதை எங்கே சொல்லப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அரசனுக்கு ‘இல்லை’ என்று சொல்லவும் அன்பை இழக்காமல் சொல்லவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்பிய பாட்டிமார் இதைச் சொன்னார்கள். மன்னரும் கவிஞரைக் கைவிட்டவரல்லர். திருச்சபைப் பணியிலிருந்து சாஸ்திரியார் விலக நேர்ந்த காலத்தில், 1832-இல் தாம் மறையும்வரை, அரசவையில் வைத்து அவரை ஆதரித்தவர் சரபோசியே.

பணியிலிருந்து ஏன் விலக நேர்ந்தது? இங்கேதான் இவ்வரலாற்றின் கடினமான பகுதி தொடங்குகிறது.

சுவார்ட்ஸ் தலைமுறைக் குருமார்கள் சபைக்குள் சாதி வேற்றுமையை விரும்பாவிடினும் பொறுத்துக்கொண்டனர். வேளாளர் ஒருபுறமும் பறையர் மறுபுறமுமாக அமர்ந்தனர். நற்கருணைக் கிண்ணத்திலும் முந்துவார் பிந்துவார் வரிசை இருந்தது. இதன் விலை என்ன என்பதை அறிய ஒரு பெயர் போதும். தஞ்சை அரசின் படைவீரராக இருந்து, தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூலைப் படித்து அச்சபையில் சேர்ந்து, நெடுங்காலம் உபதேசியாராக உழைத்தவர் இராசநாயக்கன். பறையர் குலத்தவர். 1741-இல் தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் அளிக்க ஆராய்ந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. வேளாளர் அவர் கையால் நற்கருணை பெறமாட்டார்கள் என்பதனால் அது கைவிடப்பட்டது. அவர் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். இது சாஸ்திரியார் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சி. அவர் பிறந்து வளர்ந்த சபை எத்தகையது என்பதற்கு இது சான்று.

1820-களில் வந்த இளங்குருமார் இதனைப் பொறுக்கவில்லை. அவர்களின் சீர்திருத்தம் சாதியோடு நிற்கவும் இல்லை. 1829-இல் சாஸ்திரியார் எழுதிய எதிர்ப்பு நூல்களில் புதிய குருமார் செய்த கொடுமைகளாக நான்கினைச் சொல்கிறார். பழகிய திருமறை மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. சாதிகளைக் கலந்திருக்கக் கட்டாயப்படுத்தியது மற்றொன்று. பூவை விலக்கியதும், தமிழிசையை வழிபாட்டினின்று நீக்கியதும் ஏனையவை. ‘சாதியாசார சம்பாவினை’ என்னும் நூலில், சாதி என்பது நாட்டின் உலக வழக்கம். அது சமயத்தோடு தொடர்பற்றது என்று வாதாடுகிறார்.

இப்பட்டியலைப் படிக்கும் இன்றைய தமிழ் நெஞ்சம் இருகூறாகிறது. பாட்டை விலக்காதே என்னும் குரலுக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது. அடுத்த வரியே, உடன்விசுவாசியோடு ஒரே பாயில் அமரமாட்டேன் என்கிறது. இரண்டையும் அவர் ஒரே மூச்சில், ஒரே நம்பிக்கையோடு, ‘முன்னோர் வழக்கம்’ என்னும் ஒரே பெயரால் கேட்கிறார். இவரைப் போற்றுவோர் பலர் இரண்டாவதை மறைத்துவிடுகின்றனர். தூற்றுவோர் முதலாவதை மறந்துவிடுகின்றனர். இரண்டும் முறையன்று. தமிழிசை பற்றி அவர் கூறியது சரியே. சாதி பற்றி அவர் கூறியது தவறு. அக்காலச் சூழல் என்று சொல்லி அதைக் கழித்துவிடவும் இயலாது. ஏனெனில் அதே காலத்தில், அதே ஊரில், அதே கிண்ணத்தின் கடைசி வரிசையில் நின்றவர்களுக்கு அது தவறென்று தெரிந்தே இருந்தது.

1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று ஆணை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினர். சிலர் பின்னாளில் இலைப்சிக் லுத்தரன் சபையில் இடம் தேடினர். அவ்வாண்டுகளில் அவர்தம் வழிபாடு எங்கே நடந்திருக்கும்? வீடுகளிலேதான். ஆலயத்தில் விலக்கப்பட்ட கீர்த்தனை வீட்டில் ஒலித்தது. ஆலயத்தில் விலக்கப்பட்ட சாதியும் அதே வீட்டில் அடைக்கலம் புகுந்தது. இல்லம் சமயத்தின் நாற்றங்கால் என்பர். உண்மையே. ஆனால் நாற்றங்காலில் நெல்லோடு களையும் முளைக்கும். இளம்பயிரில் இரண்டையும் பிரித்தறிவதும் கடினம். அந்தியில் விளக்கேற்றிக் குடும்பத்தார் கூடிப் பாடி, திருமறை வாசித்து முடிந்தபின், வாசலில் வந்து நின்ற வேலைக்காரக் கிறித்தவனுக்குத் தனிக்குவளை நீட்டிய இல்லங்களின் பிள்ளைகள், பாட்டையும் குவளையையும் சேர்த்தே கற்றன.

இரண்டையும் பிரிக்க முடியும் என்று காட்டியவர்கள், எதிர்பாராத இடத்திலிருந்து வந்தனர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிசன் சாதி விடயத்தில் மிகக் கடுமையானது. 1847-இல் தன் ஊழியர்கள் அனைவரும் சாதி பாராமல் ஒருங்கமர்ந்து உண்ண வேண்டும் என்று விதித்து, மறுத்தவர்களை நீக்கியது. சாஸ்திரியாரின் கொள்கைக்கு இதைவிட நேர் எதிரான சபை இருந்திருக்க முடியாது. அந்த மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்னும் குருவானவர்தாம் முதுமையெய்திய சாஸ்திரியாரை நாடி, தமிழிசையின் நுட்பங்களைக் கேட்டறிந்து, 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாரின் பாடல்கள். கவிஞரின் வாதத்தை முழுமையாக மறுத்த சபை அவர் பாட்டை முழுமையாக ஏற்றது. எந்த வரிசையும் பிரிக்காமல் அமர்ந்த சபையார் அவர் கீர்த்தனையைப் பாடினர். எண்பதை எட்டிய கவிஞர் அதை எவ்வாறு எண்ணினாரோ! தம் பாட்டு ஆலயத்துக்குள் திரும்பியதை அவர் கண்ணால் கண்டார் என்பது மட்டும் உறுதி. 1864 சனவரி 24 அன்று தஞ்சையில் மறைந்தார்.

அச்சுநூல் வந்தபின் கீர்த்தனை ஒரு குடிக்கோ ஒரு சாதிக்கோ உரிய பொருளாக இருக்கவில்லை. கம்பனை நன்கு கற்று, 1858-இல் திருமுழுக்குப் பெற்று, 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியம் தந்த எச்.ஏ. கிருட்டிணபிள்ளை புலமையில் சாஸ்திரியாரைவிட உயர்ந்தவர் எனலாம். யாப்பின் செப்பமும் சொல்லின் மெருகும் அவரிடம் மிகுதி. ஆயினும் அவர் காப்பியத்தை மேசைமீது வைத்துப் படிக்க வேண்டும். சாஸ்திரியாரின் பாட்டை அடுப்படியில் நின்றும் பாடலாம். இலக்கியத் தரம் வேறு, புழக்கம் வேறு என்பதற்கு இவ்விருவரும் நல்ல எடுத்துக்காட்டு. சாஸ்திரியாரின் பாடல்கள் எல்லாம் தரமானவையும் அல்ல. கருத்தை விட்டுவிடக் கூடாதே என்னும் ஆசிரியப் பதற்றத்தால் பட்டியலாக நீளும் பகுதிகள் அவரிடம் பல. நிலைத்தவை சிறியவை, பல்லவி நாவில் ஒட்டுபவை.

கொங்கு நாட்டுக்கு இம்மரபு சற்றுத் தாழ்த்தே வந்தது. கருமத்தம்பட்டி போன்ற இடங்களில் கத்தோலிக்க மரபு பதினேழாம் நூற்றாண்டிலேயே வேர்விட்டது. சீர்திருத்தச் சபைகளின் பணியோ 1830-இல் இலண்டன் மிசனைச் சார்ந்த ஆடிஸ் கோயம்புத்தூர் வந்தபின்னரே முறையாகத் தொடங்கியது. இலண்டன் மிசன் சபைகளும் மதுரையின் அமெரிக்க மிசன் சபைகளும் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் ஒன்றாக இருந்தன. 1947-இல் அது தென்னிந்தியத் திருச்சபையோடு கலந்தது. வெப் தொகுத்த மரபு நொய்யல் கரைக்கு வர இவ்விணைப்புகள் வழியை எளிதாக்கின. தஞ்சை வேளாளர் பாடிய கீர்த்தனையைக் கொங்கு நாட்டுச் சேரிகளில் புதிதாகச் சபை சேர்ந்த மக்கள் பாடினர். பாடியவனின் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு பாட்டு பயணம் செய்வதில்லை.

பல்லடம் இன்று வேறு ஓசைகளின் ஊர். 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபின் அதன் பகுதியாகிவிட்ட இவ்வட்டத்தில் கவலைச் சத்தம் ஓய்ந்து விசைத்தறிச் சத்தம் நிறைந்திருக்கிறது. தறியோசைக்கு நடுவே பாட்டுப் பாடினால் பக்கத்திலிருப்பவர்க்கும் கேட்காது. பனியன் தொழிலை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை வீடுகளில் தங்கியிருக்கும் குடும்பங்களில் கிறித்தவர்களும் உளர். தாயும் தந்தையும் வெவ்வேறு வேலைமுறைகளில் செல்வதால் குடும்பம் முழுவதும் கூடியமர அந்திப்பொழுது வாய்ப்பதில்லை. முன்னிரவில் வேலை முடிந்து வரும் தாய், உறங்கும் பிள்ளையை எழுப்ப மனமின்றித் தனியே முணுமுணுத்துவிட்டுப் படுக்கும் நாள்களே மிகுதி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எல்லோரும் சேர்ந்திருக்கின்றனர். அன்று ஒரே தெருவின் மூன்று வீடுகள் ஒரு வீட்டின் முன்னறையில் கூடுவதுண்டு. இடம் குறுகியது. பாய் ஒன்றுதான். எவர் எந்த ஊர், எவர் எந்தக் குலம் என்பது வாடகை வீட்டின் அவ்வறையில் ஒருவருக்கும் தெரிவதில்லை; சிலவேளை தெரிந்தும் கேட்பதில்லை. அங்கே முதிய பெண்மணி ஒருவர் நூலைப் பாராமலேயே பல்லவியை எடுத்துக் கொடுக்க, இயற்றியவர் பெயர் அறியாத பிள்ளைகள் அனுபல்லவியைத் தொடர்ந்து பாடுகின்றனர்.